தொண்டைமானாற்றில் பத்துப் பரப்பு

ஓய்வு வயதை நெருங்கும் புலம்பெயர்ந்தவர்கள், கொழும்பில் வாடகை கட்டிச் சலித்தவர்கள், பிள்ளைகளோடு சொந்த வளவு தேடும் இளம் குடும்பங்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ஊரில் பத்துப் பரப்புக் காணி வாங்கி, கிணறு, தோட்டம், இரண்டு ஆடு, பத்துக் கோழி என்று சீவித்துவிட முடியுமா? வடமராட்சிக் கரையில் இந்தக் கேள்வியோடு அடிக்கடி சேர்ந்து வரும் பெயர் தொண்டைமானாறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கடனீரேரி, ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன். பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துபோகவும் வசதி என்று காணித் தரகர்கள் சொல்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீவிக்கலாம். ஆனால் எந்தக் காணி என்பதைக் கிணற்றிடம்தான் கேட்க வேண்டும். வீட்டையும் விலையையும் வீதி முகப்பையும் பிறகு பார்க்கலாம்.

பத்துப் பரப்பு என்பது எவ்வளவு? பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே பத்துப் பரப்பு முக்கால் ஏக்கர்கூட இல்லை. அமெரிக்காவில் 1862 இல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் இருந்து பயிரிட்டுக் காட்டினால் சொந்தம். நம் கணக்கில் அது 2,560 பரப்பு. நம்மவர்களுக்கும் அரச காணி கிடைத்த காலம் உண்டு. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழியாகவும் பின்னர் வந்த குடியேற்றத் திட்டங்கள் வழியாகவும் குடாநாட்டு விவசாயிகள் பலர் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அங்கே இரணைமடுக் குளமும் வாய்க்காலும் இருந்தன. குடாநாட்டில் அப்படி ஒரு குளமும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. தொண்டைமானாறுகூடப் பெயரில்தான் ஆறு. வடமராட்சிக் கடனீரேரி கடலோடு சேரும் வாய் அது. இங்கே காணி வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது நிலத்தடியில் கிடக்கும் மழைநீரில் ஒரு பங்கு.

ஓர் அடிக்கு நாற்பது அடி

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கொட்டும் மழைதான் வருடத்து மழையில் பெரும்பகுதி. அது கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. இரண்டுக்கும் இடையில் சுவர் ஏதும் கிடையாது. இந்த எடை வித்தியாசம் மட்டும்தான்.

நீரியல் பொறியியலாளர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். இறைத்து இறைத்து அந்த ஓர் அடியைக் குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி மேலே ஏறிவரும். கடலுக்கும் கடனீரேரிக்கும் நடுவே அகப்பட்ட தொண்டைமானாறு போன்ற ஊரில், அந்த நன்னீர்ப் படலம் இரண்டு பக்கமும் விளிம்பில் மெலிந்துதான் இருக்கும். நூறு யார் தள்ளிப் போனால் கிணற்றின் குணமே மாறிவிடும் ஊர் இது. ஆகவே "தொண்டைமானாற்றுத் தண்ணி நல்லது" என்றோ "அங்கே எல்லாம் சவர்" என்றோ யாராவது மொத்தமாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

உப்பு இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. கரணவாய்ப் பக்கத்தில் விளைந்த உப்பை மரக்கலத்தில் ஏற்றிப்போக, சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் இந்த வாய்க்காலை வெட்டி ஆழமாக்கினான் என்பது வழிவழியாக வரும் கதை. கதை எப்படியோ, உப்பு விளைந்த பூமி என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

அந்த உப்பை வெளியே தள்ளத்தான் 1953 இல் ஆற்றுவாயில் தடுப்பணை கட்டி முடித்தார்கள். மழைக் காலத்தில் வெள்ளத்தைக் கடலுக்கு விட்டு, பிறகு கதவை அடைத்துக் கடல்நீர் உள்ளே வராமல் மறித்தால், சுமார் 30 சதுர மைல் பரந்த கடனீரேரி வருடா வருடம் மழைநீரால் கழுவப்பட்டு நன்னீராகும். அக்கம்பக்கத்துக் கிணறுகளும் உப்பிலிருந்து தப்பும். இதற்கு அடுத்த வருடமே, 1954 இல், நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இதைப் பெரிதாக விரித்து, ஆனையிறவுக் கடனீரேரியின் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுவரும் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தை முன்வைத்தார். எழுபது வருடம் கடந்துவிட்டது. திட்டத்தின் சில துண்டுகள் கட்டப்பட்டன, முழுத் திட்டம் இன்னும் கைகூடவில்லை.

கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் ஊரே இரண்டாகப் பிரியும். தோட்டக்காரர் கதவு மூடிக் கிடக்க வேண்டும் என்பார். கடனீரேரியில் சிறகுவலை வைப்பவருக்குக் கடல்நீர் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சு வரும். பெருமழையில் கதவு திறக்கத் தாமதித்தால் தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் நிற்கும். கடனீரேரிக் கரையோரமாகக் காணி பார்ப்பவர் இந்த மூன்று பேரின் நடுவே குடியேறுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஆவணியில் வாருங்கள்

காணி பார்க்க வருபவர்களில் பெரும்பாலானோர் மார்கழி, தை விடுமுறையில் வருகிறார்கள். அப்போது கிணறு நிரம்பி வழியும், வேலியெல்லாம் பச்சை, தரவையில் மாடு மேயும். அந்த நேரத்தில் எந்தக் காணியும் நல்ல காணிதான். விற்பவருக்கு அது தெரியும்.

வரவேண்டிய காலம் ஆவணி, புரட்டாதி. மழை கண்டு எட்டு மாதமாகியிருக்கும், சோளகம் மண்ணை உலர்த்தியிருக்கும், கிணற்றில் மட்டம் ஆகக் கீழே போயிருக்கும். சந்நிதித் திருவிழாவும் ஆவணியில்தான். கும்பிட வருகிற பயணத்திலேயே கிணற்றையும் பார்த்துவிடலாம். ஊரில் வயதானவர்களைக் கேட்டால், "தம்பி, மாரியில எல்லாக் கிணறும் இனிக்கும். ஆவணியில வந்து ஒருவாய் குடிச்சுப் பாரும்" என்பார்கள். இதைவிடச் சுருக்கமான நீர்ப் பரிசோதனை அறிக்கை கிடையாது.

கிணற்றடியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் வாழையைப் பாருங்கள். இந்தத் தண்ணீர் பாயும் வாழையின் இலை ஓரம் தீய்ந்து கருகியிருந்தால் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. கிணற்றுக் கட்டின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படலம் வேறு விடயம். அது சுண்ணாம்பு, குடாநாடு முழுக்க உண்டு, அதைக் கண்டு பயந்து ஓட வேண்டாம். பிறகு மோட்டரைப் போட்டு இரண்டு மணி நேரம் இறைக்கச் சொல்லுங்கள். இறைக்க முன் ஒரு போத்தல், இறைத்து முடிந்ததும் ஒரு போத்தல் எடுங்கள். முதல் போத்தல் இனித்து இரண்டாவது கைத்தால், அந்தக் கிணறு குடிக்க உதவும், தோட்டத்துக்கு உதவாது. விற்பவர் இறைக்க மறுத்தால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

இரண்டு போத்தலையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது மின்கடத்துதிறனோடு நைத்திரேற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. யூரியா அள்ளிக் கொட்டிய தோட்டங்களுக்கு நடுவிலும், மலசலகூடக் குழியும் கிணறும் அருகருகே இருக்கும் நெருக்கமான குடியிருப்புகளிலும் குடாநாட்டுக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியிருக்கின்றன. சுண்ணாம்புக்கல் மணலைப் போலத் தண்ணீரை வடிகட்டாது. வெடிப்பு வழியாக அடுத்த வளவுக் குழியில் விட்டது உங்கள் கிணற்றுக்கு அப்படியே வந்து சேரும். மூன்று பரப்புத் துண்டுகளை நான் விரும்பாததற்கு இதுதான் முதல் காரணம். அதில் வீடு, கிணறு, குழி மூன்றையும் எப்படி மாற்றி வைத்தாலும் தூரம் போதாது.

குழாய்க்கிணறு அடித்துவிடலாமே என்பார்கள். இந்தக் கரையில் அது உப்பை மேலே இழுத்து எடுக்கும் வழி. உங்கள் கிணறு மட்டும் கெட்டால் உங்கள் பாடு, கெடுவது அயலவருடையதும்தான். வெட்டுக்கிணறு, அகலமாக, ஆழம் குறைவாக, மெதுவாக இறைப்பு. முன்னோர் துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்தில் கிணற்றைக் கெடுக்கவே முடியாது. மனிதனுக்கு முதலில் களைத்துவிடும். மோட்டர் களைக்காது.

கணக்கு

ஒரு பரப்பு என்பது சுமார் 250 சதுர மீற்றர். கோடை வெயிலில் பயிர் நின்றால் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு நீர் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பரப்புக்கு நாளொன்றுக்கு 1,250 லீற்றர் வேண்டும். பத்துப் பரப்பையும் பயிராக்கினால் 12,500 லீற்றர். இந்தக் கரையோரக் கிணறுகளில் பெரும்பாலானவற்றிடம் இதை நாள்தோறும் கேட்பது அநியாயம். இரண்டு அல்லது மூன்று பரப்பைத் தோட்டமாக வைத்து, மீதியை மரங்களுக்கு விடுவதே இந்த நிலத்துக்கு ஒத்த கணக்கு.

குடிநீருக்குக் கூரை இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை என்று எடுத்தால், ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவது ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். நாலு பேர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 80 லீற்றர் எடுத்தாலும் வருடத்துக்கு 30,000 லீற்றருக்குள் முடிந்துவிடும். வீடு கட்டும்போதே பீலியும் சீமெந்துத் தொட்டியும் போட்டுவிட்டால் கிணற்றின் சுமை குறையும். பின்னால் போடலாம் என்று விட்டவர்கள் போட்டதை நான் கண்டதில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. அந்தக் குழாய்நீர் வீட்டுக்கு வந்தால் நல்லது. ஆனால் காசு கட்டி எடுக்கும் குடிநீரை வெங்காயப் பாத்திக்கு விட முடியாது.

என்ன நடலாம்? அச்சுவேலி, இடைக்காட்டுப் பக்கம் செம்மண். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி எல்லாம் வரும். கடனீரேரியை நெருங்க நெருங்க மண் உவராகித் தரவையாகும். கடற்கரையை நெருங்கினால் மணல். வெங்காயமும் போஞ்சியும் உப்பைத் தாங்காது. தென்னையும் பீற்றூட்டும் ஓரளவு தாங்கும். தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஒரு பரப்பில் நான்கு கன்று. பழைய உறுதியில் காணிக்கு எழுதியிருக்கும் பெயரையும் வாசியுங்கள். கலட்டி என்றால் பாறை கிளம்பும், உவர் என்றால் உவர்தான். பேரனார் காலத்தவர்கள் மண்பரிசோதனை செய்து பெயராக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பசளைக்குக் கடையை நம்பிய வருடம் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரென்று தடைசெய்து, அந்த வருடமே விலக்கியது. அடுத்த வருடம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரங்களோடு இருந்த தோட்டக்காரர் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்கும் முன்னால், 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் பசளையும் பற்றரியும் இல்லாமலே குடாநாடு வருடக் கணக்கில் உண்டு உயிர் வாழ்ந்தது. மரவள்ளியும் ஒடியலும் கோழிமுட்டையும் வேலிக் குழையில் வளர்ந்த ஆடும்தான் பல வீடுகளைத் தாங்கின. சுயதேவைப் பூர்த்தி என்று இன்று கூட்டம் போட்டுப் பேசுவதை இந்த மண் வேறு வழியில்லாமல் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது.

அதனால் மதிலுக்குச் செலவழிக்கும் காசை வைத்துக்கொண்டு வேலி போடுங்கள் என்பேன். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டால் ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குத் தாழ்க்கக் குழை, சோளகத்துக்கு மறைப்பு மூன்றும் கிடைக்கும். மதில் இவற்றில் ஒன்றையும் தராது, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வெடிக்கவும் செய்யும். காணியில் பனை நின்றால் அதைத் தறிக்காத ஒருவருக்கே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தாலும் நான் வரவேற்பேன். வடலி வளர்ந்து பயன் தரப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போகும். அறுபது வயதில் வந்து குடியேறுபவருக்கு நிற்கிற பனைதான் பனை.

உறுதி

யாழ்ப்பாணத்துக் காணிக்குத் தேசவழமை பொருந்தும். ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்து வைத்த வழமை அது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து எந்த வழியில் வந்ததோ அதைப் பொறுத்து உரிமை மாறும். இதை அறியாமல் வாங்கியவர்கள் நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறார்கள். பங்குக் காணியை ஒரு பங்காளி வெளியாருக்கு விற்கும் முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கு உண்டு. 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. ஒரு பங்காளி கனடாவில், ஒருவர் நோர்வேயில், ஒருவர் எங்கே என்று தெரியாது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். மனைவியின் சீதனக் காணி என்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்.

அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவரிடம் வாங்குவதாக இருந்தால், தத்துவம் கொடுத்தவரோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உறுதியின் அட்டவணையில் "பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி வரும். பலர் எல்லைகளை மட்டும் வாசித்துவிட்டு இதைத் தாண்டிப் போவார்கள். அந்த வரிதான் உங்கள் குடும்பத்தின் தண்ணீர். எத்தனையில் ஒரு பங்கு, எந்தப் பாதையால் போய் அள்ளலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவரின் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. சொந்தக்காரரின் பெயரில் வாங்கி வைக்கலாம் என்ற யோசனையால் எத்தனை சொந்தம் அறுந்தது என்பது ஊருக்குத் தெரியும்.

ஆற்றுக்கு மேற்கே வளலாய், பலாலிப் பக்கம் 1990 இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள். வளலாயில் ஒரு பகுதி 2015 மார்ச்சில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது. அங்கே காணி வாங்குவதானால் கண்ணிவெடி அகற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுத்தில் பெறுங்கள். கால் நூற்றாண்டு ஆள் இல்லாமல் கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேண்டும். கடனீரேரியின் வாய்ப்பகுதியும் அந்தச் சட்ட எல்லைக்குள் வருவதால் ஆற்றங்கரை வளவுக்கும் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

மற்ற வசதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரிலேயே வீரகத்திப்பிள்ளை மகா வித்தியாலயம், மந்திகையில் ஆதார வைத்தியசாலை, வல்வெட்டித்துறையிலும் அச்சுவேலியிலும் சந்தை. ஒரு குடும்பத்துக்கு இது போதும்.

ஆக, ஆவணியிலும் இனிக்கும் கிணறு, ஆளைக் கண்டு கையெழுத்து வாங்கக்கூடிய உறுதி, எட்டுப் பரப்புக்குக் குறையாத நிலம், அதில் நிற்கிற நாலு பனை. இவ்வளவும் சேர்ந்த காணி கிடைத்தால் தொண்டைமானாற்றில் தாராளமாகக் குடியேறலாம். வெங்காயம் விற்றுக் கடன் அடைக்கலாம் என்ற திட்டத்தோடு வருபவர் இடைக்காட்டுப் பக்கம் பார்ப்பதே மேல். தை மாதத்தில் கண்டு பிடித்துப்போன காணிக்கு ஆவணி வரை முன்பணம் கொடுக்காதீர்கள். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று தரகர் அவசரப்படுத்தினால், வாங்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.